புது வண்டியில் கியர் உதறலும் மைலேஜ் குறைவும்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வண்டி வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ஓடோமீட்டரில் நாலாயிரமோ ஐயாயிரமோ கிலோமீட்டர். கியர் மாறும்போது ஒரு குலுக்கல் வருகிறது, டேங்க் முன்பைவிடச் சீக்கிரம் காலியாகிறது. பத்து வருட வண்டி என்றால் தேய்மானம் என்று சொல்லிவிடலாம். புது வண்டியில் அப்படிச் சொல்ல வழியில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "எல்லா வண்டியும் இப்படித்தான் சார், ஓட ஓடச் சரியாகிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். சில நேரம் அது உண்மைதான். சில நேரம் இல்லை. எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த வழிமுறை.

புது வண்டியில் சந்தேகப்பட வேண்டிய வரிசையே வேறு. முதலில் வெளியே தெரியும் எளிய விஷயங்கள்: டயர் காற்று, கால் மிதிக்குக் கீழே கிடக்கும் மேட், பேட்டரி, தெரியாமல் மாறிப்போன டிரைவ் மோடு. அடுத்தது, கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினி இன்னும் பழகிக்கொண்டிருக்கிறதா என்பது. மூன்றாவது, தொழிற்சாலையிலிருந்தே வந்த குறை: சென்சார், இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட், கசியும் சீல், பழைய மென்பொருள். தேய்மானம் கடைசியில்தான் வரும். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கியர் புகாரும் மைலேஜ் புகாரும் ஒன்றாகக் கிளம்பினால் இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

உடனே ஓரங்கட்ட வேண்டிய அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் சோதனை எதுவும் வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை. இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னுவது. இதற்கு சிலிண்டரில் எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள், அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துபோகும். கருகிய வாடை. நிறுத்திய இடத்தில் எண்ணெய்த் திட்டு. உலோகம் அரைபடும் சத்தம். கியரை 'டி'-யில் (டிரைவ்) போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி நகராமல் இருப்பது. இவற்றில் எதையும் "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டாதீர்கள். வாரன்டியில் சின்னதாக முடிய வேண்டிய வேலை, கோளாறு தெரிந்தும் ஓட்டினீர்கள் என்ற வாதத்தில் சிக்கிக்கொள்ளும்.

உங்கள் கியர்பாக்ஸ் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு வகையில் இயல்பாக இருப்பது இன்னொரு வகையில் கோளாறு. 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன.

டார்க் கன்வெர்ட்டர் வகையில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் சுழற்சியைக் கடத்துகிறது. சீரான வேகம் வந்ததும் 'லாக்-அப்' கிளட்ச் இரண்டையும் இறுக்கிப் பூட்டிவிடும். சி.வி.டி.-யில் பற்சக்கரப் படிகள் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு எஃகுப் பட்டை ஓடுகிறது, கப்பிகளின் அகலம் மாற மாற விகிதமும் மாறுகிறது. டி.சி.டி.-யில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று என இரண்டு கிளட்ச். அவை எண்ணெயில் மூழ்கியிருந்தால் ஈர வகை, இல்லாவிட்டால் உலர் வகை. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் கையும் செய்யும் வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. உங்கள் வண்டி எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும்.

அறிகுறி: நெரிசலில் ஊர்ந்து போகும்போது குலுங்குகிறது

ஏ.எம்.டி.-யாக இருந்தால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வருவது அதன் இயல்பு. ஒரே ஒரு கிளட்ச் விடுபட்டு மறுபடி பிடிக்கும் அந்த இடைவெளியில் இழுவை அறுந்துவிடுகிறது. கியர் மாறப்போகிறது என்று தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். ஒரு வாரம் அப்படி ஓட்டியதில் குலுக்கல் பாதியாகக் குறைந்தால் வண்டியில் குறையில்லை. காலைத் தளர்த்தியும் முதல் கியரில் கிளம்பும்போதே வண்டி முழுக்க உதறினால் கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கணினி சரியாகப் பிடித்து வைக்கவில்லை. அதை மறுபடி கற்றுக்கொடுக்கும் வேலை சர்வீஸ் சென்டரின் ஸ்கேனரில் உண்டு. அதைச் செய்யச் சொல்லிப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

உலர் கிளட்ச் டி.சி.டி. இன்னும் கொஞ்சம் கவனம் கேட்கிறது. மணிக்கு ஐந்து, பத்து கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் பாதி வழுக்கலிலேயே ஓடுகிறது. அந்த உரசலின் சூட்டை இழுத்துக்கொள்ள எண்ணெய் இல்லை. கொஞ்ச நேரத்தில் உதறல், அப்புறம் எச்சரிக்கை. முன்னால் இடைவெளி விட்டு, அது பெரிதானதும் ஒரே மூச்சில் நகர்ந்து, பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள். பிரேக்கை அரைகுறையாக அழுத்திக்கொண்டு நகர்வதுதான் இந்தக் கிளட்ச்சுக்கு மிகப் பெரிய கெடுதல். மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டராலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், ஏ.எம்.டி.-க்கும் இது பொருந்தும்.

பிரித்தறியும் சோதனை ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்ததும், சமதரையில், மெதுவாகப் பத்து முறை நின்று நின்று கிளப்புங்கள். குளிர்ந்த நிலையிலேயே உதறினால் அதைச் சூட்டின் மேல் போட முடியாது. கிளட்ச்சிலோ அதன் அளவீட்டிலோ குறை இருக்கிறது. எதையும் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையை வீடியோ எடுத்து வையுங்கள். பிற்பாடு அதுதான் கை கொடுக்கும்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டியோ சி.வி.டி.-யோ நெரிசலில் குலுங்கினால் பொறுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. அவை மெல்ல நகரவே செய்யப்பட்டவை. நேராகக் காட்டிவிடுங்கள்.

அறிகுறி: 'பி'-யிலிருந்து (பார்க்கிங்) எடுத்தால் 'டங்' என்கிறது, 'டி' பிடிக்கத் தாமதமாகிறது

சத்தத்தை முதலில் பார்ப்போம். சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் 'பி'-க்குத் தள்ளிவிட்டால் வண்டியின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன கொக்கியின் மேல் விழுகிறது. மறுபடி எடுக்கும்போது அந்தக் கொக்கி விடுபடும் ஓசைதான் 'டங்'. பிரேக்கை மிதித்தபடியே முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம் பிரேக்கை விட்டு எடையை அதன் மேல் உட்காரவைத்துவிட்டு மறுபடி மிதித்து 'பி'. இந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு இல்லை.

தாமதம் வேறு கதை. 'ஆர்'-லிருந்து (ரிவர்ஸ்) 'டி'-க்குப் போட்டால் சுமார் ஒரு நொடிக்குள் கியர் பிடித்த உணர்வு வர வேண்டும். கைப்பேசியின் நொடிமானியை வைத்துக் குளிர்ந்த நிலையில் ஐந்து முறை, சூடான பின் ஐந்து முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நொடி ஆகி, பிறகு பட்டென்று இடித்துக்கொண்டு பிடித்தால் எண்ணெய் மட்டம் குறைவாக இருக்கலாம், அல்லது உள்ளே அழுத்தம் சரியாக ஏறவில்லை. இப்போது வரும் பல கியர்பாக்ஸ்களில் எண்ணெய் பார்க்கும் குச்சியே இல்லை. எண்ணெய் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது, வண்டியைச் சமமாகத் தூக்கி வைத்துத்தான் மட்டம் பார்க்க முடியும். அதனால் வெளியே எங்காவது "கொஞ்சம் ஊத்திப் பாக்கலாம்" என்று ஊற்ற விடாதீர்கள். சி.வி.டி.-யில் சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் எஃகுப் பட்டை கப்பியைப் பற்றும் தன்மையே கெட்டுவிடும், வாரன்டியும் போய்விடும்.

அறிகுறி: சீரான வேகத்தில், லேசாக மிதித்திருக்கும்போது உதறுகிறது

மணிக்கு 50 முதல் 80 கிலோமீட்டர். சாலை சமம். கால் ஆக்சிலரேட்டரில் பட்டும் படாமலும் இருக்கிறது. திடீரென்று, வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவதுபோல ஒரு நொடி இரண்டு நொடி 'டர்ர்ர்' என்று அதிர்ந்து நின்றுவிடுகிறது. இதைப் பலர் டயர் பேலன்ஸ் என்று நினைத்து அலைகிறார்கள்.

இங்கே மூன்று பேர் மீது சந்தேகம்: சக்கரம், இன்ஜின், லாக்-அப் கிளட்ச். சக்கரம் என்றால் அதிர்வு வேகத்தைப் பொறுத்து வரும். நியூட்ரலில் உருண்டாலும் அதே வேகத்தில் அதே அதிர்வு இருக்கும். இன்ஜின் சரியாக எரியாமல் உதறினால் மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது கூடும், பெரும்பாலும் இன்ஜின் விளக்கும் சேர்ந்து வரும். லாக்-அப் கிளட்ச்சின் உதறல் இவை இரண்டுக்கும் நேர்மாறு. அழுத்தி மிதித்தால் காணாமல் போகும், லேசாக மிதித்திருக்கும்போது மட்டும் வரும்.

உறுதி செய்ய, பின்னால் வண்டி எதுவும் இல்லாத வெறிச்சாலையில் உதறல் வரும்வரை ஓட்டுங்கள். வந்ததும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதியுங்கள். ஆர்.பி.எம். (இன்ஜின் சுழற்சி வேகம்) முள் சட்டென்று இருநூறு முந்நூறு ஏறி உதறல் நின்றால், பூட்டு விடுபட்டதும் நின்றிருக்கிறது என்று பொருள். இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டும் இதைச் சோதிப்பார்கள். பிரேக் விளக்கு எரிந்தாலே பல வண்டிகளில் பூட்டு விடுபடும். ஆனால் சில வண்டிகள் இரண்டு மிதியும் சேர்ந்து அழுந்தினால் இன்ஜினின் சக்தியையே குறைத்துவிடும் என்பதால் முதல் முறையே மேல்.

இது பழகிச் சரியாகும் வகை இல்லை. வழுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கிளட்ச்சின் மேற்பரப்பு பளபளத்துப்போகும், எண்ணெயும் கெடும். எண்ணெய் மாற்றுவதிலோ புது மென்பொருளிலோ முடிகிற வேலை, தள்ளிப்போட்டால் கன்வெர்ட்டரையே மாற்றுவதில் போய் நிற்கும். வண்டியின் கணினியில் கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்தால் பெரும்பாலும் 'பி 0741' என்று இருக்கும். விளக்கு எரியாமலும் உதறும். விளக்கு இல்லை என்பதை வைத்துக் கோளாறே இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை

சி.வி.டி.-யில் இதைக் கேட்டுப் பதறாதவர்கள் குறைவு. அழுத்தி மிதித்தால் இன்ஜின் ஒரு உயர்ந்த ஆர்.பி.எம்.-முக்குப் போய் அங்கேயே நிற்கும், வண்டி பின்னாலேயே வேகம் பிடிக்கும். இன்ஜினை அதன் சக்தி மிகுந்த இடத்தில் நிறுத்திவைத்து விகிதத்தை மாற்றுவதுதான் அந்த வடிவமைப்பு. ஆர்.பி.எம். ஏறியும் வேகம் சீராக ஏறிக்கொண்டே இருந்தால் வழுக்கல் இல்லை. மிதியை அசைக்காமல் வைத்திருக்கும்போது முள் தானாக மேலும் கீழும் ஆடினாலோ, மேட்டில் முள் ஏற வேகம் இறங்கினாலோ அதுதான் வழுக்கல்.

கியர் படிகள் உள்ள ஆட்டோமேட்டிக்கில், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நொடியில் முள் மேலே துள்ளிவிட்டு இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு கிளட்ச் விட்டு அடுத்தது பிடிப்பதற்குள் இடைவெளி விழுகிறது. புது வண்டியில் இது பெரும்பாலும் பழகும் கட்டத்தின் விஷயம். சில நூறு கிலோமீட்டரில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் காட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகும் சில வண்டிகளில் கற்றது அழிந்து இதே தொல்லை கொஞ்ச நாள் தலைகாட்டும்.

மேனுவலில் சோதனை எளிது. சமதரையில் நான்காம் கியரில் மணிக்கு 50-இல் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகமும் முள்ளும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நலம். முள் மட்டும் பாய்ந்தால் வழுக்குகிறது. ஐயாயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் வழுக்கினால் இரண்டே காரணம்: கிளட்ச் மிதியின் மேல் எப்போதும் கால் வைத்திருக்கும் பழக்கம், அல்லது எண்ணெய்க் கசிவோ சரிப்படுத்தல் பிழையோ போன்ற தொழிற்சாலைக் குறை. பழக்கம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். உள்ளதை உள்ளபடி பார்த்துவிட்டு வாதாடப் போங்கள்.

அறிகுறி: மேனுவலில் கியர் விழ மறுக்கிறது

முதலில் குனிந்து காலடியில் கிடக்கும் மேட்டைப் பாருங்கள். வண்டியோடு வந்த மேட்டின் மேல் இன்னொரு தடித்த மேட்டைப் போட்டிருந்தால் கிளட்ச் மிதி கடைசி இரண்டு சென்டிமீட்டர் கீழே போகாது. கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் முரண்டு பிடிக்கும், கரகரக்கும். மேட்டை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு கியர்பாக்ஸைக் கழற்றிய கதைகள் உண்டு.

குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் மட்டும் கெட்டியாக இருப்பது எண்ணெய் தடித்திருப்பதால், சூடானதும் இளகும். ரிவர்ஸில் கரகரத்தால், வண்டி முழுதாக நின்றபின் கிளட்ச்சை மிதித்து மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள். பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு வேகத்தைச் சமன்செய்யும் வளையம் இல்லை. சூடான பிறகும் முன்கியர்களில் கரகரப்பு இருந்தாலோ, ஓடும்போது கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினாலோ அது உள்குறை.

அறிகுறி: ஒரே கியரில் மாட்டிக்கொண்டது, வண்டி திணறுகிறது

கணினி தனக்குப் புரியாத ஒன்றைக் கண்டதும் கியர்பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரில், பெரும்பாலும் இரண்டிலோ மூன்றிலோ, நிறுத்திவிடும். ஓரமாக நிறுத்தி, எரியும் விளக்குகள் அத்தனையையும் படம் எடுத்துக்கொண்டு, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துக் கிளப்பினால் பல நேரம் சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிப் பதிவை அழிக்கவும் வேண்டாம். கோளாறு பதிவான நொடியில் வேகம் என்ன, வெப்பநிலை என்ன, ஆர்.பி.எம். என்ன என்பதையெல்லாம் கணினி சேர்த்தே எழுதி வைத்திருக்கும். அது போனால் உங்கள் சாட்சி போய்விடும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் சாக்கெட்டில் கோளாறுக் குறியீடுகளைக் காட்டும் ஒரு ஓ.பி.டி. ரீடரைச் செருகி நீங்களே படிக்கலாம். 'பி 0700' வந்தால் அது நோயின் பெயர் இல்லை. கியர்பாக்ஸ் கணினி இன்ஜின் கணினியிடம் "என்னிடம் ஒரு கோளாறு இருக்கிறது, விளக்கைப் போடு" என்று சொன்னதற்கான அடையாளம் மட்டுமே. உண்மையான குறியீடு கியர்பாக்ஸ் கணினிக்குள் இருக்கும். மலிவான ரீடர்கள் அங்கே போகாது. 'பி 0700 அழிச்சாச்சு' என்று மட்டும் எழுதி வண்டியைத் திருப்பித் தந்தால் வேலை தொடங்கவே இல்லை என்று அர்த்தம்.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால் சக்கர வேக சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் தெரியாமல் எந்தக் கியர் என்று கணினி முடிவெடுக்க முடியாது. விளக்குகள் நாலைந்து கலந்து கட்டி எரிந்தால் பேட்டரியைப் பாருங்கள். விற்பனைக்கு முன் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் பேட்டரி அங்கேயே நைந்திருக்கும். ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 அருகே காட்டும். 12.2-க்குக் கீழே போனால் பாதிகூட நிறையவில்லை.

'பி'-யிலிருந்து குச்சி நகரவே இல்லை என்றால், பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய்ப் பாருங்கள். பிரேக் விளக்கு எரியாவிட்டால் கியர்பாக்ஸில் குறையில்லை, பிரேக் மிதியின் சுவிட்ச்சிலோ ஃபியூஸிலோதான்.

மைலேஜ்: புகாருக்கு முன் அளவு

திரை காட்டும் சராசரியை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். வண்டி உங்கள் கைக்கு வருவதற்கு முன்பு விற்பனையாளரின் முற்றத்தில் இன்ஜின் ஓடிய நேரமெல்லாம் அந்தச் சராசரியில் சேர்ந்திருக்கலாம். முதலில் அதைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் ஒரே பம்ப்பில், நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, முக்கால் டேங்க் தீரும் வரை ஓட்டி, மறுபடி அதே மாதிரி நிரப்புங்கள். 512 கிலோமீட்டருக்கு 38.4 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 13.3, 100 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் என்றும் சொல்லலாம். ஒரு டேங்க் போதாது. மூன்று டேங்க்கின் சராசரிதான் பேசத் தகுந்த எண்.

அதை விளம்பர எண்ணோடு ஒப்பிடும் முன் இன்னொன்று. விளம்பர எண் ஆய்வகச் சோதனையிலிருந்து வருவது. ஐரோப்பாவின் பழைய என்.இ.டி.சி. மைலேஜ் சோதனை 11 கிலோமீட்டர் தூரம், சராசரி வேகம் மணிக்கு 34-கூட இல்லை. 2017-இலிருந்து அதற்குப் பதிலாக வந்த டபிள்யூ.எல்.டி.பி. 23 கிலோமீட்டர், உச்ச வேகம் 131. இரண்டுமே உருளைகள் மேல், ஏ.சி. போடாமல் ஓட்டிப் பார்ப்பவை. அதனால் அந்த எண்ணை எட்டவில்லை என்பது மட்டும் கோளாறுக்கு ஆதாரம் ஆகாது. அதே மாடல் வைத்திருப்பவர் உங்களைப் போன்ற பாதையில் எடுக்கும் எண்ணும், உங்கள் வண்டியே முன்பு தந்த எண்ணும்தான் சரியான அளவுகோல்.

வாங்கியதிலிருந்தே குறைவாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இன்ஜின் பழகி முழு மைலேஜுக்கு வர 5,000 முதல் 8,000 கிலோமீட்டர் வரை ஆகலாம். அதற்குள் மற்றவற்றைப் பாருங்கள். டயர் காற்று, ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் அளவில், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஆனால் எல்லாப் பழியையும் டயர் மேல் போடாதீர்கள்: அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில், நான்கு டயரின் சராசரியில் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் குறைகிறது. எட்டு பி.எஸ்.ஐ. குறைந்தாலும் இரண்டு சதவீதம்கூட ஆகாது. 20 சதவீத வீழ்ச்சிக்குக் "காத்து கம்மி சார்" என்று பதில் வந்தால் கணக்கு உதைக்கிறது என்று சொல்லுங்கள். சக்கரத்தைப் பெரிதாக மாற்றியிருந்தால் ஓடோமீட்டரே குறைத்து எண்ணும். விட்டம் 3 சதவீதம் கூடினால் உங்கள் கணக்கில் மைலேஜும் 3 சதவீதம் குறைந்ததாகத் தெரியும்.

குளிர்காலத்திலும் குட்டிப் பயணங்களிலும் மட்டும் குறைந்தால் அது இயற்பியல். 25 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழே 7 டிகிரிக்குப் போனால் நகர ஓட்டத்தில் சுமார் 15 சதவீதம் குறையும். ஐந்தாறு கிலோமீட்டர் பயணங்களில் 24 சதவீதம் வரை போகலாம். கடும் வெயிலில் ஏ.சி. மட்டும் குறும்பயணங்களில் கால் பங்குக்கு மேல் தின்னும். நெடுஞ்சாலையில் மட்டும் குறைந்தால் வேகத்தைப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-இலிருந்து 110-க்குப் போனால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூரைப் பெட்டி இருந்தால் இன்னும் மோசம். எரிபொருளில் எத்தனால் 10 சதவீதம் என்றால் ஆற்றல் சுமார் 3 சதவீதம் குறைவு. கலவை மாறிய மாதத்தில் மைலேஜ் அதற்கேற்ப இறங்கும்.

திடீரென்று இறங்கினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் பிரேக் பிடிக்காமல் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று அனலாகவும் இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

டீசல் வண்டியை ஊருக்குள் மட்டும் ஓட்டினால் புகைக்கரி வடிகட்டிதான் முதல் சந்தேகம். அதில் சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி அருகே சூடு வேண்டும், அதற்காகக் கூடுதல் டீசல் செலவாகிறது. ஐட்லிங் கொஞ்சம் ஏறி, நிறுத்திய பிறகும் விசிறி ஓடினால் எரிப்பு நடந்துகொண்டிருந்தது, நீங்கள் நடுவில் அணைத்துவிட்டீர்கள். அப்படி அரைகுறையாக நின்றால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். இன்ஜின் ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் உடனே காட்டுங்கள்.

இரண்டும் சேர்ந்து வந்தால்

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஏழு மாத வண்டி, டார்க் கன்வெர்ட்டர். லிட்டருக்கு 14 தந்துகொண்டிருந்தது 11.5-க்கு இறங்கியது. கூடவே காலையில் நெடுஞ்சாலையில் கடைசி கியர் விழவே நேரமாயிற்று. விழுந்தாலும் முள் கீழே வராமல் தொங்கியது. முதல் முறை மென்பொருளை ஏற்றி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, "உங்க ஓட்டுற விதம் அப்படி" என்றார்கள். மனது நொந்துதான் வந்தேன்.

ஒரு ரீடரை வாங்கி, நாற்பது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்தேன். 68 டிகிரி. 90 அருகே இருந்திருக்க வேண்டியது. தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தந்துகொண்டே இருந்திருக்கிறது. அதே காரணத்துக்காக லாக்-அப்பையும் கடைசி கியரையும் தள்ளிப்போட்டிருக்கிறது. ஒரு சின்ன வால்வு, இரண்டு புகார். மாற்றிய பிறகு அடுத்த இரண்டு டேங்க்கில் 13.8.

இரண்டும் சேர்ந்து வரும் யாருக்கும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். முகப்பில் உள்ள வெப்பநிலை முள்ளையோ நீல விளக்கையோ நம்ப வேண்டாம்; முள் நடுவில் நிற்கும்படி மழுப்பியே காட்டும், நீல விளக்கு இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்கு வெகு முன்பே அணைந்துவிடும். ரீடரில் எண்ணைப் பாருங்கள். இதற்கான குறியீடு 'பி 0128'. சூடு சரியாக இருந்தால் லாக்-அப் பிடிக்கிறதா என்று பாருங்கள்: சூடான வண்டியில் சமதரையில் 80-இல் போகும்போது ஆக்சிலரேட்டரைத் துளி அசைத்தால் ஆர்.பி.எம். முள் அசையக்கூடாது. அசைந்தால் பூட்டவில்லை, எரிபொருள் எண்ணெயைச் சூடாக்குவதில் வீணாகிறது. அதுவும் சரி என்றால் ஸ்போர்ட் மோடு, இழுவை மோடு எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரேக்குக்குப் போங்கள்.

சர்வீஸ் சென்டரில்

"கியர் சரியில்ல, மைலேஜ் வரல" என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கோளாறைத் தங்கள் கண்முன் வரவழைக்க முடிந்தால்தான் வாரன்டியில் பாகம் மாற்ற முடியும். அதனால் இப்படி எழுதிக் கொடுங்கள்: "குளிர்ந்த வண்டி, கிளப்பிய பத்தாவது நிமிடம், சமதரை, மணிக்கு 60, ஐந்தாம் கியர், லேசான மிதி, இரண்டு நொடி உதறல், அழுத்தி மிதித்தால் நிற்கிறது." வீடியோ, விளக்குகளின் படம், மூன்று டேங்க் கணக்கு இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். காலையில் மட்டும் வரும் கோளாறு என்றால் முந்தைய இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் டெக்னீஷியனோடு நீங்களே உட்கார்ந்து ஓட்டிக் காட்டுங்கள்.

"எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று மறுபடி சொன்னால், அதே மாடலில் இன்னொரு வண்டியை அதே பாதையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் உதறினால்கூட விஷயம் முடிந்துவிடாது. எல்லா வண்டியும் உதறுவது மாடலின் குறையாகவும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் வண்டிகள் விஷயத்தில் அதுதான் நடந்தது. உதறல் கியர்பாக்ஸின் தரக்குறையால் வருவது என்று தெரிந்திருந்தும் வாடிக்கையாளர்களின் ஓட்டும் விதத்தைக் குறை சொன்னதற்காக, 2018 ஏப்ரலில் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எனவே உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளர் சர்வீஸ் அறிவிப்போ, புது மென்பொருளோ, திரும்ப அழைப்போ வெளியிட்டிருக்கிறாரா என்று சேசிஸ் எண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தைகளிலேயே புகார் பதிவாகியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து நகல் வாங்குங்கள். 'கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை' என்று அவர்கள் எழுதினாலும் அந்தத் தாள் வேண்டும். தேதியும் கிலோமீட்டரும் போட்ட அந்தத் தாள் கையில் இருந்தால், வாரன்டி முடிந்த மறுமாதம் கியர்பாக்ஸ் நின்றுபோனாலும், கோளாறு வாரன்டிக்குள்ளேயே தொடங்கியது என்று காட்டலாம்.